நட்டு போடாத குழாய்

அன்று அங்கே இருந்தவர்கள் ஐந்து பேர். மாமியார், அவருடைய மூத்த மகன், இளைய மகன், மூத்தவனுக்கு வாழ்க்கைப்பட்ட மருமகள், எதிர்வீட்டு ஓய்வுபெற்ற கண்டக்டர். அவர்களிலும் கண்டக்டர் வாசலுக்கு வெளியே தெருவில்தான் நின்றார். இவர்களைத் தவிர வேறு யாராவது தாமும் அங்கே இருந்ததாகச் சொன்னால், அவர் காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார் என்று அர்த்தம்.

நாற்காலி, மேசை வாடகைக்கு விடுகிற குடும்பம் அது. கூட்டமோ விருந்தோ துக்கமோ, அந்த வட்டாரத்தில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் இவர்களுடைய நாற்காலியில்தான் உட்கார்ந்தார்கள். தகப்பனார் விட்டுப்போன பழைய பிக்கப் வண்டி ஒன்றுதான் தொழிலுக்கு வாகனம். அதை வெளியே பட்டறைக்கு அனுப்பிய வழக்கம் கிடையாது. தகப்பனாரே பட்டறையில் இருந்து வந்தவர். அந்தப் பட்டறைத் தொழிலை இரண்டு மகன்களுக்கும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக் கொடுத்தார். பிரேக் எண்ணெய் போகிற குழாயை நெளியாமல் வளைக்க மூத்தவனுக்குக் கை வந்தது. குழாயின் நுனியை விரித்து, எண்ணெய் கசியாதபடி வாய் வைக்க இளையவனுக்குக் கை வந்தது. முழுத் தொழிலையும் ஒருவனிடம் கொடுத்தால் மற்றவனை மதிக்க மாட்டான், பாதி பாதி என்றால் சேர்ந்தே இருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. சேர்ந்தேதான் இருந்தார்கள். பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

தகப்பனார் போன மறு வருஷம், வாடிக்கைக்காரர் ஒருவர் இளையவனைக் காட்டி, இவர் யார் என்று மூத்தவனிடம் கேட்டார். மூத்தவன் விளையாட்டாக, "லோடு ஏத்துற ஆளு" என்றான். வாடிக்கைக்காரர் சிரித்தார். இளையவன் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அண்ணனிடம் ஒன்றுமே சொல்லவில்லை. மூத்தவனும், தம்பி வாய் திறக்கட்டும் நானும் திறக்கிறேன் என்று இருந்துவிட்டான். அந்தக் குடும்பத்தில் சண்டை நடந்ததாக யாரும் சொல்ல முடியாது. குரல் உயர்ந்ததே இல்லை.

ஆனால் ஒரே தொழில், ஒரே வண்டி, ஒரே வீடு. பேசாமல் எப்படி நடக்கும்? மருமகள் வழியாக நடந்தது. "நாளைக்குக் காலையில சீக்கிரம் கிளம்பணும்னு அவன்கிட்ட சொல்லு" என்பான் மூத்தவன், தம்பி அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே. அவள் திரும்பி, "தம்பி, நாளைக்குச் சீக்கிரம் கிளம்பணுமாம்" என்பாள். "கிளம்பலாம்னு சொல்லுங்க அண்ணி" என்பான் இளையவன். மத்தளத்துக்காவது அடிவாங்குகிற நேரம் போக மூலையில் கிடக்க நேரம் உண்டு. அவளுக்கு அதுவும் இல்லை. அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள் என்பதால் அவள் வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டாள். நடுவில் உட்கார்ந்து வந்தவள் கடைசியில் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அதைப் பெரிய முன்னேற்றம் என்று தெரு மெச்சியது.

அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. பக்கத்து ஊரில் பெண்கள் விடுதி ஒன்றின் சமையற்கட்டைப் பொறுப்பேற்று நடத்த ஆள் வேண்டும் என்று விடுதிக்கார அம்மா கேட்டிருந்தார். தங்க அறை உண்டு. வருவதானால் அன்று மாலைக்குள் நேரில் வந்து சமையற்கட்டுச் சாவியை வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் இன்னொரு பெண் காத்திருக்கிறாள். மருமகள் இதை வீட்டில் சொல்லவில்லை. சொல்வதானால் யாரிடம் சொல்வது? மூத்தவனிடம் சொன்னால், அதைத் தம்பியிடமும் சொல் என்பான். தான் போகிற செய்தியையும் தானே இரண்டு தடவை கொண்டுபோக வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் நாற்காலி கொண்டுபோகிற வேலை அன்று இருந்தது. நாற்காலியை இறக்கிவிட்டு விடுதிக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு வந்து, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருந்தாள்.

வீடு மேட்டில் இருந்தது. முற்றத்திலிருந்து வாசல் வரை சிமெண்டு போட்ட செங்குத்தான சரிவு. வாசலில் இரண்டு கல்தூண்கள். அதற்கு அப்பால் தெருவும் அதே சரிவில் இறங்கிப் பெரிய சாலையில் போய் முட்டும். நாற்காலி ஏற்றிய வண்டியை அவள் கிளப்பிச் சரிவின் தலையில் பிரேக்கை மிதித்தாள். மிதி, சேற்றில் கால் வைத்ததுபோலத் தரை வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தாள். ஒன்றும் இல்லை. கைப்பிரேக்கை இழுத்தாள், அது பல வருஷமாக மரியாதைக்கு இருக்கிற பிரேக். வண்டி இறங்கிக்கொண்டே இருந்தது. கீழே பெரிய சாலையில் லாரி ஒன்று போவது தெரிந்தது. அவள் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தாள்.

இடது முன்பக்கம் ஒரு தூணில் மோதியது. வண்டி குறுக்கே திரும்பி, வலது கதவின் பின்பாதி இன்னொரு தூணில் அமர்ந்துகொண்டது. பாட்டில் கழுத்தில் கார்க் மாட்டியதுபோல வாசலில் வண்டி மாட்டிக்கொண்டது. இடது கதவு திறக்காது. வலது கதவு திறக்காது. வலது கண்ணாடி இறக்குகிற கைப்பிடி உடைந்து, நான்கு விரல் இடைவெளியோடு நின்றது நின்றதுதான். நாற்காலிக் கால் குத்தாமல் இருக்கப் பின் கண்ணாடிக்கு மூத்தவன் தன் கையாலேயே இரும்பு வலை அடித்திருந்தான்.

இளையவன் முதலில் ஓடிவந்து, "அடி பட்டுச்சா அண்ணி?" என்றான். படவில்லை என்றாள். மூத்தவன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முன் கண்ணாடிய மட்டும் உடைச்சிராத. இந்த மாடலுக்கு இப்ப கிடைக்காது" என்றான். அக்கறை இல்லாமல் சொன்னதல்ல. அவன் அக்கறை எப்போதும் பொருள் வழியாகத்தான் வரும். ஆனாலும் அவள் அதைக் கேட்டுக்கொண்டாள்.

கயிறு கட்டி இழுத்தால் வந்துவிடும், தெருமுனைப் பட்டறையில் சொல்லலாமா என்று எதிர்வீட்டுக் கண்டக்டர் தெருவிலிருந்து கேட்டார். மாமியார் முற்றத்தில் நாற்காலியைப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரையும் கூப்பிட வேண்டாம் என்றார். அந்த வீட்டு வண்டியை அந்த வீட்டு ஆண்கள் பார்த்துக்கொள்வார்கள். கண்டக்டரை உள்ளூர மாமியாருக்குப் பிடிக்காது. ஓய்வு பெற்ற பிறகும் போகிறவர் வருகிறவர் எல்லோரிடமும் எங்கே ஏறினீர்கள் எங்கே இறங்குவீர்கள் என்று கேட்கிற மனிதர் அவர்.

இளையவன் வண்டிக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வலைக்கு அருகில் நின்று அவளிடம் சொன்னான். அதாவது அண்ணனுக்குச் சொன்னான். பின் அச்சுக்குப் போகிற பிரேக் குழாய் துருப்பிடித்து, கிளிப் பிடித்திருக்கிற இடத்தில் ஓட்டையாகிவிட்டது. எண்ணெய் முழுக்கத் தரையில். இடதுபக்கத் தூண் விரிசல் விட்டிருக்கிறது. இப்போது வண்டியை அசைத்து, தூணும் விட்டுக்கொடுத்தால், பிரேக் இல்லாத வண்டி அண்ணியோடு நேரே பெரிய சாலைக்குத்தான் போகும். சக்கரத்துக்குக் கல் கொடுத்து, நின்ற இடத்திலேயே குழாயை மாற்றி, பிரேக் பிடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் எடுக்க வேண்டும்.

"குழாய் மாத்தணுமாம்" என்றாள் அவள்.

"கேட்டுச்சு" என்றான் மூத்தவன், அவளிடம்.

ஆக அவள் உள்ளே, வேலை வெளியே. வெயில் முன் கண்ணாடி வழியாக இறங்கி மடியில் உட்கார்ந்துகொண்டது. ரெக்சின் சீட்டு முதுகில் ஒட்டியது. செல்போன் சமையலறையில் சார்ஜில் கிடந்தது. அவளுக்குத் தெரிந்த உலகம் மூன்று துண்டுகளாக இருந்தது: எதிரே தெருவும் கண்டக்டரும், நான்கு விரல் இடைவெளியில் மாமியாரின் சேலை, மேலே சிறிய கண்ணாடியில், நாற்காலி அடுக்குகளுக்கு இடையே, பின்வலையின் கட்டங்களுக்குள் புருஷனும் கொழுந்தனும். கண்ணாடியில் பார்க்கும்போது வலைக்கு அந்தப் பக்கம் அவர்கள்தான் அடைபட்டதுபோல இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நினைத்துக்கொண்டு பார்த்தாள். வெயில் கூடியதும் அந்த நினைப்பு நிற்கவில்லை.

தண்ணீர் கேட்டாள். மாமியார் தம்ளரில் கொண்டுவந்தார். தம்ளர் இடைவெளியில் நுழையவில்லை. பாட்டில் நுழையவில்லை. கண்டக்டர் தன் வீட்டுக்குள் போய், பேரப்பிள்ளை குடித்துவிட்டுப் போட்ட குளிர்பான ஸ்ட்ராவைக் கழுவிக் கொண்டுவந்து மதில்மேல் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல மாமியாருக்கு வாய் வரவில்லை. மருமகள் கழுத்தை வளைத்து ஸ்ட்ராவில் உறிஞ்சிக் குடித்தாள். மாமியார் தம்ளரைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். மருமகள் அப்படிக் குடிப்பதைத் தான் பார்ப்பதாக அவளுக்குத் தெரியக் கூடாது என்று நினைத்தார்.

பின்னால் வேலை நடந்தது. பழைய குழாயை இளையவன் கழற்றினான். கையில் எடுத்தபோதே பிஸ்கட்டைப் போல ஒடிந்தது. அச்சுப் பக்கத்து நட்டு மட்டும் நன்றாக இருந்ததால் அதைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டான்; மறுபக்கத்துக்குப் புதுக் குழாயோடு வந்த நட்டு இருந்தது. மூத்தவன் பழைய குழாயின் துண்டுகளைத் தரையில் பொருத்தி வைத்து, அளந்து, புதுக் குழாயை வெட்டி வளைத்தான். அவன் வளைக்கிறபோது பார்க்க வேண்டும். கோபமோ அவசரமோ கையில் இருக்காது. ஒவ்வொரு வளைவும் இயல்பாக அப்படியே பிறந்ததுபோல வரும். முடித்துக் குழாயை முக்காலிமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டான். அவன் நகர்ந்த பிறகு இளையவன் வந்து எடுத்தான். நுனியைக் கருவியில் பிடித்து, திருகி, விரித்து வாய் வைத்தான். ஒரு நுனி. பிறகு மறுநுனி.

குழாயோடு அடியில் போனான். கொஞ்ச நேரம் ஸ்பேனர் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்தது. நுனியை விரிப்பதற்கு முன்னால் நட்டைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு நட்டு ஏறாது. அதனால் தகப்பனார் காலத்தில் ஒரு வழக்கம்: வாய் வைக்கப் போகிறவன், "நட்டு போட்டாச்சா?" என்று கேட்பான். வளைத்தவன், "போட்டாச்சு" என்பான். பதில் வராமல் விரிக்கக் கூடாது. பேச்சு நின்ற பிறகு அந்தக் கேள்வியை மருமகள்தான் கேட்டு வந்தாள். இந்தப் பக்கம் கேட்டு அந்தப் பக்கம் சொல்வாள். அன்று அவள் விடுதிச் சமையற்கட்டில் அடுப்பு எந்தச் சுவரோரம் இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து, தரையில் துழாவி, மண்ணெண்ணெய் டப்பாவுக்குள் போய், நட்டை எடுத்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை.

"நட்டைக் கோத்துட்டுத்தான் வச்சிருப்பாருன்னு நினைச்சேன் அண்ணி" என்றான் இளையவன், அடியிலிருந்து.

"கழட்டினவன்தானே கோக்கணும்? டப்பாவுல ஊறப்போட்டது நானா? கேளு அவனை" என்றான் மூத்தவன்.

"என்ன ஆச்சு தங்கச்சி?" என்றார் கண்டக்டர், தெருவிலிருந்து.

"ஒண்ணும் ஆகலை" என்றார் மாமியார், முற்றத்திலிருந்து.

வேறு குழாய் இல்லை. விரித்த நுனியை வெட்டிவிட்டு, நட்டைக் கோத்து, மறுபடி வாய் வைத்தார்கள். குழாய் இப்போது இரண்டு விரல் குறைந்துவிட்டது. அதை எட்ட வைக்க, மூத்தவன் தான் அழகாக வைத்த வளைவு ஒன்றைப் பிரித்து நிமிர்த்த வேண்டியிருந்தது. அதற்கு அவனும் அடியில் போக வேண்டியதாயிற்று. முட்டிவலியோடு போனான். ஒருவன் நுனியைப் பிடிக்க ஒருவன் நிமிர்த்த, இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் கண்ணாடியில் தெரிந்தன. பேச்சு இல்லை. இரண்டு பேருடைய மூச்சும் பலகை வழியாக அவள் காலுக்குக் கேட்டது.

நிழல் தெருவின் மறுபக்கத்துக்கு மாறிவிட்டது. மாலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவள் அந்த நிழலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

குழாய் மாட்டியாயிற்று. இனி உள்ளே புகுந்த காற்றை எடுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுகிற டப்பா பானெட்டுக்குள், அதாவது தெருப்பக்கம். வேறு வழியில்லாமல் மாமியார் கண்டக்டரிடம் எண்ணெய்ப் போத்தலை மதில்மேல் கொடுத்தார். கொடுக்கும்போது, கொஞ்சம் ஒத்தாசை செய்யுங்கள் என்று சொல்லவில்லை. சிந்தாமல் ஊற்றுங்கள் என்றார். அவள் உள்ளே பிடியை இழுக்க, கண்டக்டர் பானெட்டைத் தூக்கினார். இப்போது தெருவும் மறைந்துவிட்டது. எதிரே பானெட்டின் கருப்புத் தகடு மட்டும்.

வேலை இப்படி: பின்பக்கம் இரண்டு சக்கரத்திலும் காற்று வெளியேற ஒரு சின்னத் திருகு. உள்ளே இருப்பவள் மிதியை நாலைந்து தடவை அழுத்தி, அழுத்தியபடியே பிடித்துக்கொள்ள வேண்டும். கீழே இருப்பவன் திருகைத் திறப்பான்; காற்றும் எண்ணெயும் கொப்பளித்து வரும்; மூடுவான். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். ஒரு சக்கரம் திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்க வேண்டும். வண்டி குறுக்கே மாட்டியிருந்ததால் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரத்துக்கு ஒருவனே போய் வர இடமில்லை. மூத்தவன் வலது பக்கம், இளையவன் இடது பக்கம்.

"அழுத்து, அப்படியே பிடி" என்றான் மூத்தவன். அவள் பிடித்தாள். திறந்தான். அதே நேரம் இளையவனும் திறந்திருந்தான். மிதி தரைக்குப் போனது. மறுபடி முதலிலிருந்து.

"மூடிட்டுத்தான் இருக்கணும்னு அவன்கிட்ட சொல்லு."

"எப்ப மூடணும்னு சொன்னாத்தானே மூடுறது? கேளுங்க அண்ணி."

"தங்கச்சி, எண்ணெய் குறையுது. ஊத்தவா, நிறுத்தவா?"

"ஏம்மா, அவர் கேக்கறார் பாரு, பதில் சொல்லு. தெருவுல நிக்க வைக்காத" என்றார் மாமியார்.

இரண்டாம் முறையும் அப்படியே ஆயிற்று. மூன்றாம் முறை அவள் அழுத்திப் பிடித்திருக்கும்போது, ஒருவன் திறந்துவிட்டானா மூடிவிட்டானா என்று மற்றவன் அவளைக் கேட்கச் சொன்னான். அவன் பதிலை இவனிடம் சொல்லச் சொன்னான். காலை எடுத்தால் காற்று புகும், எடுக்கக் கூடாது. தொடை நடுங்கியது. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் கால் வழுக்கும் என்று பயந்தாள். கதவு திறக்காது, கண்ணாடி இறங்காது, எதிரே தகடு, பின்னே வலை. இந்த வீட்டுக்கு வந்த நாளாகத் தான் உட்கார்ந்திருக்கிற இடம் இதுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இன்றைக்குத்தான் அதற்குக் கதவு வைத்துச் சாத்தியிருக்கிறார்கள்.

இரண்டு பேரும் மூடிவிட்டதாகச் சொன்னதும் அவள் காலை எடுத்துச் சீட்டின்மேல் மடித்து வைத்துக்கொண்டாள்.

"அழுத்து" என்றான் மூத்தவன்.

அவள் அழுத்தவில்லை.

"என்ன ஆச்சுன்னு கேளுங்க... அண்ணி, என்ன ஆச்சு?" என்றான் இளையவன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் மூன்று பக்கமும் கேட்கும்படி சொன்னாள். "இனிமே ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். மூடியாச்சா திறந்தாச்சான்னு நீங்களே கேட்டுக்குங்க. நீங்க கேட்டுக்கிட்டா நான் அழுத்தறேன். இல்லைன்னா இப்படியே உக்காந்திருக்கேன்."

"கண்டக்டர் நிக்கிறாரு" என்றார் மாமியார், உதட்டை அசைக்காமல்.

"நிக்கட்டும் அத்தை. இன்னொண்ணும் இருக்கு, அதையும் ஒரே தடவையில சொல்லிடறேன். நாளையிலேர்ந்து பக்கத்து ஊர் விடுதியில எனக்கு வேலை. அங்கயே தங்கணும். சாயங்காலத்துக்குள்ள போய்ச் சாவி வாங்கணும்."

கண்டக்டர் போத்தலின் மூடியைப் போடுகிற சத்தம் கேட்டது.  

"நீ போயிட்டா இங்க எப்படி?" என்றான் மூத்தவன். கண்ணாடியில் அவன் முகம் வலைக்கு அருகே வந்து நின்றது. கோபப்பட்ட முகம் இல்லை. வளைத்த குழாய் எட்டவில்லை என்று தெரிந்தபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

"அதைத்தான் பழகிக்கச் சொல்றேன். இப்பவே."

 மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். எதற்காக எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். அவர் நினைத்திருந்தால் அந்த நேரத்தில் ஒரு சொல்லில் மருமகளை அடக்கியிருக்கலாம். ஏனோ அடக்கவில்லை. மூத்தவனின் முகம் கண்ணாடியிலிருந்து கீழே போயிற்று. வலது சக்கரத்தின் பக்கம் ஸ்பேனர் கல்லில் உரசியது.

"மூடிட்டியாடா?" என்றான்.

இடது பக்கம் திருகை இன்னொரு முறை இறுக்குகிற சத்தம் கேட்டது. அவள் காலை இறக்கவில்லை.

"ம்" என்றான் இளையவன்.

"ம்-னா?"

"மூடிட்டேன்." கொஞ்சம் விட்டு, "லோடு ஏத்துற ஆளுக்கு மூடத் தெரியாதா?"

 மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் ஆண்களுக்கு இல்லை. "நான் திறக்கப் போறேன். நீ திறந்துடாத" என்றான் மூத்தவன். அந்த இரண்டாவது வாக்கியம் கட்டளைபோல இல்லாமல் கேட்டுக்கொள்வதுபோல வந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் அழுத்தினாள்.

"திறந்தாச்சு."

"மூடிட்டீங்களா?"

"மூடியாச்சு. நீ திற."

"திறந்தேன். காத்து வருது. இருங்க. மூடிட்டேன்."

இப்படியே போயிற்று. ஒவ்வொரு முறையும் மிதி கொஞ்சம் மேலே நின்றது. கடைசியில் அரைவழியில் கல்லைப்போல நின்றது. அவள் பலம் கொண்டு அழுத்தியும் இறங்கவில்லை. கண்டக்டர் பானெட்டை மூடினார். தெரு மறுபடி வந்தது. நிழல் எதிர்வீட்டுச் சுவரில் ஏறியிருந்தது.

இளையவன் கல்லை நகர்த்தினான். ரிவர்ஸ் போட்டு மெதுவாக எடுக்கச் சொன்னான். தகடு தூணில் கிழிபடுகிற சத்தத்தோடு வண்டி பின்னால் ஏறி முற்றத்துக்கு வந்தது. "போலாம் ரைட்" என்றார் கண்டக்டர், பழக்கதோஷத்தில். மூத்தவன் வந்து வலது கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான், அவள் இறங்குவாள் என்று. காற்று உள்ளே வந்தது. அவளுக்கு இறங்க வேண்டும் என்றுதான் இருந்தது. முகம் கழுவ வேண்டும், காலை நீட்ட வேண்டும். இறங்கினால் யாராவது ஏதாவது சொல்லச் சொல்வார்கள்.

"கதவைச் சாத்துங்க" என்றாள்.

அவன் சாத்தினான். அவள் சரிவின் தலைக்குப் போய்ப் பிரேக்கை மிதித்தாள். வண்டி நின்றது. தூண்களுக்கு நடுவே நேராக இறங்கி, தெருவில் திரும்பி, போய்விட்டாள். பின்னால் நாற்காலிகள் அப்படியே இருந்தன.

மருமகள் புருஷனோடு சண்டை போட்டு, குடும்ப வண்டியோடு ஓடிப்போய்விட்டாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. நாற்காலிகளை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கினாள்; மாலைக்குள் விடுதிக்குப் போய்ச் சமையற்கட்டுச் சாவியை வாங்கி, இரவு அங்கேயே தங்கினாள். மறுநாள் காலை வண்டியை அவளே கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தி, வண்டிச் சாவியை மாமியார் கையில் கொடுத்து, துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, பகலில், முன்வாசல் வழியாக நடந்து போய் பஸ் ஏறினாள்.